ஒத்திகை சார் போகச் சொன்ன ஒரே குடும்பம்

நெய்வேலியில் பூமிக்கு அடியிலிருந்து கரியை வெட்டி மேலே கொண்டுவர ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். ஊரைவிட்டுக் கிளம்பியவனை மூட்டை முடிச்சோடு மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைக்க ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஒத்திகை சார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஏதோ உண்டு. எங்கள் பிளாக்கில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கத்து மனிதர், எலக்ட்ரிக் செக்ஷனில் போர்மேன், தனிக்கட்டை. கல்யாணத்துக்கும் ஒரு வாரம் ஒத்திகை வேண்டும் என்று கேட்டதால் பெண் வீட்டார் எழுந்து போய்விட்டதாகக் கேள்வி. அவரைக் கேட்டால், "கேட்டது தப்பாம்மா? ஒரு பல்பு மாட்டினாலே எரியுதான்னு போட்டுப் பாக்கறோமில்ல?" என்பார்.

யாருக்காவது வெளியூரில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை கிடைத்தால், அவர்கள் போகலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் கொடுக்கவில்லை. அதற்கு ஒரு விதியும் வைத்திருந்தார். "கால் பங்கு கூடக் குடுத்தா காதுல வாங்காத. அரைப் பங்கு கூடன்னா வூட்ல கேளு. ரெட்டிப்பா தரேன்னு சொன்னா நேரா எங்கிட்ட வா, நான் நிறுத்தறேன்." அவரே ஒருமுறை ரெட்டிப்புச் சம்பளம் என்று வடக்கே ஓர் அணைக்கட்டு வேலைக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தவர். அங்கே என்ன ஆயிற்று என்று கேட்டால் வயிற்றைத் தடவிக் காட்டுவார், அவ்வளவுதான்.

வேலை தேடுகிறவனை அவர் கண்டுபிடிக்கும் விதமே தனி. செம்மண்ணும் கரித்தூளும் பறக்கிற ஊரில் பூட்ஸ் எப்போது பளபளக்கும்? காலையில் வடலூர் பஸ்ஸுக்கு நிற்பவனின் பூட்ஸ் மின்னினால், அவன் இன்டர்வியூவுக்குப் போகிறான் என்று அர்த்தம். சாயங்காலம் அவன் வீடு திரும்புவதற்குள் ஒத்திகை சார் அவன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

நாலு வீடு தள்ளி இருந்த டிராயிங் ஆபீஸ்காரருக்குப் பம்பாயில் வேலை கிடைத்தது. ஒத்திகை சார் ஷிப்டு முடிந்து வந்த ஆறு பேரை, கரி பூசிய உடம்போடு அப்படியே கூட்டி வந்து டிராயிங் ஆபீஸ்காரரோடு சேர்த்து அவர் வீட்டுக் குளியலறையில் அடைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டார். பம்பாய் மின்சார ரயிலாம்.

"சார், மூச்சு முட்டுது! நான் எறங்கணும்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னும் தாதர் வரலியே தம்பி. ஓடற ரயில்ல எறங்குவியா?"

தாதர் வரவே இல்லை. டிராயிங் ஆபீஸ்காரர் இன்னும் நெய்வேலியில்தான் படம் வரைகிறார்.

ஸ்டோர்ஸில் இருந்த ஒருவருக்கு வடக்கே உருக்காலையில் உத்தியோகம். அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூன்று வேளையும் சப்பாத்தி. பேசுவதானால் ஹிந்தியில்தான் பேசவேண்டும். பாவம், அவருக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை வராது. விடிந்ததிலிருந்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சாயங்காலம் ஒத்திகை சாரிடம் வந்து, "சார், இதை இன்னும் ஒரு மாசம் நீட்டிக்க முடியுங்களா?" என்று கேட்டாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்கும் அது வந்தது. சுரங்கத்தில் கரி போகிற கன்வேயர் பெல்ட்டை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்கு மெட்ராஸில், கிண்டியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை. இப்போது வாங்குவதைவிட நாற்பது ரூபாய் அதிகம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதவேண்டும்.

இவர் பாதி நேரம் போகலாம் என்றார், பாதி நேரம் வேண்டாம் என்றார். கடைசியில், "நீ சொல்லு. நீ எது சொன்னாலும் சரி" என்று என் தலையில் போட்டுவிட்டார். நான் குழம்பில் உப்புப் போட்டேனா என்று மூன்று தடவை யோசிக்கிறவள். போகலாம் என்று சொல்லி அங்கே கஷ்டப்பட்டால் என்னால்தான் என்று ஆகும். வேண்டாம் என்று சொல்லி இவர் இங்கேயே தேங்கிப்போனாலும் என்னால்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்காமல் யோசித்தேன். மாமியாருக்கு எழுதிக் கேட்கலாமா என்றும் நினைத்தேன். பதில் வருவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும்.

இந்த நிலைமையில்தான் ஒத்திகை சார் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கொழந்த இருக்கற வூடு. ஒரு நாள் பத்தாது. மூணு நாள் வைக்கணும். தம்பி, லீவு போடு."

"வேணாம் சார், நாங்களே யோசிச்சு..." என்று இவர் ஆரம்பித்தார்.

"யோசிச்சுகினே இரு. நாளைக்குக் காலைல ஆரம்பிக்கறோம்."

ஏற்பாடு இதுதான். வீட்டில் ஒரு அறையும் சமையலறையும் மட்டும் எங்களுக்கு. மற்ற அறை பூட்டப்பட்டது. குழாய் கிடையாது, பக்கத்து வீட்டிலிருந்து ஐந்து குடம் தண்ணீர். இரவு ஒன்பது மணிக்கு விளக்கு அணையும். அது அவர் கையில்தான் இருந்தது, எலக்ட்ரிக் செக்ஷன் ஆயிற்றே. பக்கத்து வீட்டுக் கோயமுத்தூர் அக்கா, கிண்டியை ஒட்டிய சைதாப்பேட்டை வீட்டுக்காரம்மாவாக நடிக்க வேண்டும்.

அந்த அக்காவைப்போலச் சாதுவை நான் பார்த்ததில்லை. முதல் நாள் வாசலில் வந்து நின்று, "ஏங்கண்ணு, கோவிச்சுக்காதீங்க, தண்ணி அஞ்சு குடந்தானுங்களாமா. பத்தலைன்னா சொல்லுங்க, பின்பக்கமா இன்னொண்ணு தர்றேன்" என்றாள்.

ஒத்திகை சார் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா நீங்க! மெட்ராஸ் வூட்டுக்காரம்மா இத்தினி மரியாதையா பேசுவாளா? கோவமா பேசுங்க!"

"எனக்குக் கோவமா பேச வாராதுங்களே."

"உங்க வூட்டுக்காரரை நெனச்சுகினு பேசுங்க."

பிறகு பாருங்கள்! மத்தியானத்துக்குள் கொடியில் காய்ந்த குழந்தைத் துணிக்கு ஒரு சண்டை, அம்மி சத்தத்துக்கு ஒரு சண்டை. நானும் ஒத்துழைக்கவில்லை. சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை ராப்பகலாக இறைத்துக் கொட்டுகிற ஊரில் இருந்த பழக்கம். அரிசி களைகிறபோதே இரண்டு குடம் போய்விட்டது. "இதென்ன கண்ணு, உங்க அப்பன் வெட்டின கிணறா?" என்று அக்கா கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

இவர் பாடு இன்னும் மோசம். மெட்ராஸில் ஜெனரல் ஷிப்ட். ஆகவே காலையில் டிபன் கேரியரோடு சைக்கிளில் கிளம்பிப் போய், சாயங்காலம் ஐந்தரை வரை வீட்டுப் பக்கம் தலை காட்டக் கூடாது. இவர் பிளாக் கோடியில் ஒரு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். வேலை நாளில் ஒரு மனிதன் டிபன் கேரியரோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன நினைக்கும்? சஸ்பெண்ட் ஆகிவிட்டார் என்று கிளப்பிவிட்டார்கள். ஆறுதல் சொல்ல இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டுக்காரம்மா அவர்களை வாசலிலேயே மறித்து, "விருந்தாளி வந்தா தண்ணி ஆரு குடுக்கறது?" என்று விரட்டிவிட்டாள்.

இரண்டாம் நாளே ஒத்திகை சார் முடிவு கட்டிவிட்டார். எங்கள் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கம்பெனி குவார்ட்டர்ஸிலேயே குடித்தனம் ஆரம்பித்தவர்கள் நாங்கள். வீட்டுக்கென்று சம்பளத்தில் பிடிக்கிற சில்லறை எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. வாடகை என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதையே மறந்துவிட்டு நாற்பது ரூபாயை மனத்துக்குள் செலவழித்துக்கொண்டிருந்தோம்.

"சைதாப்பேட்டைல இந்த மாதிரி ஒண்டுக் குடித்தனத்துக்கே நாப்பது ரூபா வாடகை. வந்த நாப்பதும் வூட்டுக்காரிக்குப் போச்சு. எதுக்குப் போவணும்?" என்றார்.

இவர் முகம் வாடிவிட்டது. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. முடிவு என் வாயிலிருந்து வரவேண்டியதில்லை. இன்னொரு பக்கம் ஏனோ அழுகை வந்தது. காரணம் எனக்கே தெரியவில்லை. ஆரம்பித்ததை முடிக்காமல் விடுவது அவர் வழக்கமில்லை என்பதால் மூன்றாம் நாளும் நடந்தது.

இங்கே எங்கள் குழந்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். இவருக்கு வாரம் மாறினால் ஷிப்டும் மாறும். இவர் பகலில் தூங்கும்போது குழந்தை அழுதால் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடுவேன். இவர் விழித்திருக்கும்போது அது தூங்கும். அதற்கு அப்பா என்றால் மூலையில் கிடக்கிற ஒரு போர்வை. போர்வை எழுந்து வந்து தூக்கினால் எந்தக் குழந்தைதான் அலறாது? ஷிப்டுக்காரர்கள் வீட்டில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இதை ஒரு விஷயமாக யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம். ஒத்திகை சார் காபியோடு உட்கார்ந்திருந்தார். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தரையில் கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்த குழந்தை அதைப் போட்டுவிட்டு, விழுந்தடித்துத் தவழ்ந்து வாசற்படிக்குப் போனது. இவரைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கியது. இவர் டிபன் கேரியரைத் தரையில் வைக்கவும் மறந்து அதைத் தூக்கிக்கொண்டார்.

"இன்னாம்மா, இது எப்பவும் இப்படித்தானா?" என்றார் ஒத்திகை சார்.

"இல்லை சார். இவர் தொட்டாலே அழும். ஷிப்ட் மாறிக்கிட்டே இருக்கறதால மொகம் பழகலை. இந்த மூணு நாளா ஒரே நேரத்துக்கு வர்றாரில்லையா..."

"இத ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"இதெல்லாம் சம்பளக் கணக்குல வருமான்னு தெரியலை சார்."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பி, நீ கெளம்பு."

"எங்கே சார்?"

"மெட்ராசுக்குத்தான். வேற எங்க?"

"நாற்பதும் வாடகைக்கே சரியாப் போச்சுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

"அட, வாடகைக்கு அது சரியாப் போச்சுன்னா, கொழந்த இப்படிக் கை தூக்கறது சும்மா கெடைக்குதுன்னு அர்த்தம்யா! சும்மா குடுக்கறத வாங்கிக்கத் தெரியாதவன்லாம் எப்படிய்யா பெல்ட்டு ஓட்டற?"

இவர் குழந்தையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. "போகலாங்க" என்றேன். எதையும் இரண்டாம் தடவை யோசிக்காமல் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சமையலறைக்குள் போனதும் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன், அது வேறு.

ஒத்திகை சார் ஒருவரைப் போகச் சொன்னார் என்ற செய்தி அடுத்த ஷிப்டுக்குள் ஊர் முழுக்கப் பரவியது. அவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டுச் சிலர் வந்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகச் சிலர் வந்தார்கள். கோயமுத்தூர் அக்கா மட்டும், வீட்டுக்காரம்மா வேஷத்தைக் கலைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது சைதாப்பேட்டையில் இருக்கிறோம். தண்ணீர்ச் சண்டையோ கொடிச் சண்டையோ விளக்கணைப்போ எதுவும் எனக்குப் புதிதாக இல்லை. மாதக் கடைசியில், செய்தது சரிதானா என்று இப்போதும் யோசிக்கிறேன். ஐந்தரைக்கு இவர் வந்ததும் யோசனை நின்றுவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் ஒத்திகை வைத்த மனிதர் ஒன்றுக்கு மட்டும் வைக்காமல் விட்டுவிட்டார். கூப்பிடாமலே உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னாம்மா, காபி இல்லியா?" என்று கேட்க யாருமில்லாத சாயங்காலத்துக்கு.