உளுவை சொன்ன உண்மை

டாக்டர் சொன்னதை நம்பாதவர்கள், வாத்தியார் சொன்னதை நம்பாதவர்கள், கட்டிய மனைவி சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதவர்கள் எல்லோரும் ஓர் உளுவை மீன் சொல்வதைக் கேட்க வரிசையில் நின்றார்கள்.

விரல் நீள மீன். கழிமுகத்துச் சேற்றில் எத்தனையோ கிடக்கும். வலையில் சிக்கினால் உதறிவிட்டுப் போவார்கள். ஆனால் துறைமுகத்துப் பழைய ஐஸ் கம்பெனியில், கண்ணாடித் தொட்டிக்குள் போட்டதும் அதற்கு முக்காலமும் தெரிந்துவிட்டது!

தொட்டியின் அடியில் இரண்டு மண்குடுவைகள். வலப்பக்கம் ‘ஆம்’, இடப்பக்கம் ‘இல்லை’. மீனை வைத்துக் குறி சொல்லும் மீன்சாமி அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொள்வார். கேள்வி கேட்டதும் மீன் ஒரு குடுவைக்குள் நுழையும். தீர்ப்பு முடிந்தது. அப்பீல் கிடையாது.

வரிசையில் ஒரு தையல்காரி தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவன் லாரி டிரைவர். இரண்டு கண்ணிலும் புரை. அண்மையில்தான் எருமை என்று நினைத்து ஒரு போலீஸ் ஜீப்பை ஹாரன் அடித்து விரட்டியிருந்தான். இன்னொரு நாள் யார்மேல் ஏற்றுவானோ என்று அவளுக்குக் கவலை. ஆபரேஷன் என்றாலோ அவனுக்கு ஒரே பயம். “மீன் சொன்னாப் பண்ணிக்கிறேன்” என்றான்.

மீன் சொன்னது: இல்லை.

“பாத்தியா! கத்தியே வேண்டாங்குது” என்று அவன் துள்ளினான்.

சாமி தொட்டித் தண்ணீரை ஒரு சீசாவில் மொண்டு கொடுத்தார். “காலையும் சாயங்காலமும் கண்ணுல விடுப்பா. பளிச்சுனு ஆயிடும்.”

மீன் தின்றதும் கழிந்ததும் அதே தண்ணீரில்தான். அருமையான மருந்து!

தையல்காரி கிளம்பவில்லை. ஓரமாக நின்று கவனித்தாள். நோயாளி யார் வந்து ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாலும் ‘இல்லை’. சீசா வாங்கலாமா என்றால் ‘ஆம்’. நடுவில் சாமிக்கு ஒரு தும்மல் வந்தது. கை ஆடி, விளக்கு இடப்பக்கம் சாய்ந்தது. ‘இல்லை’யை நோக்கிப் போன உளுவை அலறியடித்துக்கொண்டு ‘ஆம்’முக்குள் பாய்ந்தது.

அவளுக்குப் பொறி தட்டியது. முன்னால் போனாள்.

“சாமி, நானும் ஒண்ணு கேக்கணும். விளக்க இப்படிக் குடுங்க.”

“தொடாத! தெய்வக் குத்தம் ஆயிடும்!”

“பதில் சொல்றது மீன்தானே? விளக்கு யார் கையில இருந்தா அதுக்கென்ன?”

“அதானே!” என்றது கூட்டம். சாமி பேந்தப் பேந்த விழிப்பதற்குள் விளக்கு அவள் கைக்கு வந்துவிட்டது. இடப்பக்கம் பிடித்தாள்.

“மீனே, இந்தச் சாமி ஃபிராடா?”

உளுவை விருட்டென்று ‘ஆம்’முக்குள் புகுந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“பாவம், தப்பாச் சொல்லியிருக்கும். மாத்திக் கேப்போம்.” விளக்கை வலப்பக்கம் கொண்டுபோனாள். “இந்தச் சாமி நல்லவரா?”

‘இல்லை.’

“இது அடிமண்ணுல ஒளிஞ்சு பொழைக்கிற மீனுங்க. வெளிச்சம் பட்டா இருட்டுப் பக்கம் ஓடும். இவ்வளவுதான் இவரோட அருள்வாக்கு.” புருஷனிடம் விளக்கை நீட்டினாள். “நீங்களே பிடிச்சுப் பாருங்க.”

அவன் வாங்கிப் பிடித்தான். “நான் ஆபரேஷன் பண்ணிக்கணுமா?” தொட்டியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: “எதுக்குள்ள போச்சு?”

“அதுகூடத் தெரியலைல்ல? நடங்க ஆஸ்பத்திரிக்கு!”

அவனுக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. சீசாவைத் தரையில் கவிழ்த்தான். (ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது ராத்திரியிலும் ஓட்டுகிறான்.) அதற்குள் பின்கதவு வழியே சாமி காற்றாய்ப் பறந்திருந்தார். கையெடுத்துக் கும்பிட்ட நாலு பேர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு துரத்தினார்கள்.

தையல்காரி தொட்டியைச் சுமந்துபோய்க் கழிமுகத்தில் கவிழ்த்தாள். மீன் சேற்றுக்குள் புதைந்து மறைந்தது. நிமிர்ந்தால், பின்னாலேயே ஒரு கூட்டம்! முன்வரிசை அம்மாள் பயபக்தியோடு கேட்டாள்:

“அக்கா, உங்க கைபட்டாத்தான் மீன் நெசம் பேசுது. எங்க பொண்ணு கல்யாண விஷயமா நாளைக்கு வரலாமா?”

தையல்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வெளிச்சத்தக் கண்டா இருட்டுக்குள்ள ஓடுது. அது மீனு, அதுக்கு அவ்வளவுதான் அறிவு. உங்களுக்கு என்ன கேடு?”