தூக்கிய கை

“என் பொண்ணு கை என்ன கொடிக்கம்பமா மேடம்? தூக்கினது தூக்கினபடியே நிக்குறதுக்கு?”

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்தவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கற்றுக்கொள்பவர்களில் தொடங்கிப் பெட்ரோல் போடுபவர் வரை எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கத்தில், கோபம் வந்தால் எந்த நாற்காலியில் இருந்தாலும் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்துவிடும். இப்போதும் மிதித்தது. மேஜையில் இருந்த டம்ளர் ஆடியது.

மகள் சிட்டு வீட்டில் விட்டுவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கத்தான் அவர் பள்ளிக்கு வந்தார். வந்தவர் சும்மா போயிருக்கலாம். ஜன்னல் வழியாக வகுப்பை எட்டிப் பார்த்தார். கணக்கு மிஸ் கேள்வி கேட்கும்போதெல்லாம் சிட்டுவின் கை ஜம்மென்று மேலே போனது. வலது கை வலித்தால் இடது கை. சுற்றிலும் இன்னும் நிறையக் கைகள் இருந்தன. பெற்றவர் கண்ணுக்கு அவை தெரியவில்லை. மிஸ் சிட்டுவைத் திரும்பியும் பார்க்காமல், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த வேறொரு பிள்ளையை எழுப்பிக் கேட்டார். மாஸ்டர் நேரே தலைமையாசிரியை அறைக்கு நடந்தார்.

கணக்கு மிஸ் வரவழைக்கப்பட்டார்.

“சிட்டுவா? அவளைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல சார்.”

“கேட்டீங்களா மேடம்? கவலையே இல்லையாம்!”

மறுபடி ஒரு மிதி. மிஸ் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். தலைமையாசிரியை டம்ளரைப் பிடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “நாளையிலேர்ந்து முதல் கேள்வி சிட்டுவுக்கு.”

அன்று இரவு வீட்டில் வெற்றிச் செய்தி கேட்டதும் சிட்டு சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள்.

“அய்யோ, எதுக்குப்பா? எனக்கு அங்க ஒரு குறையும் இல்லப்பா!”

“பாத்தியா? எவ்வளவு பெருந்தன்மை!” என்றார் மாஸ்டர், மனைவியிடம்.

“பெருந்தன்மை இருக்கட்டும். அவ கணக்குல எடுத்த மார்க்கைப் பாத்தீங்களா?”

“கேள்வியே கேக்கலைன்னா மார்க் எப்படி வரும்? ஸ்டியரிங்கையே தொட விடாம லைசென்ஸ் மட்டும் வந்துடுமா?”

மனைவி குழம்பை எடுத்து ஊற்றினார். கல்யாணமானதிலிருந்து அவருக்குத் தெரியும், இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது.

மறுநாள் முதல் கேள்வி சிட்டுவுக்கே வந்தது. எழுந்து நின்று பேந்தப் பேந்த விழித்தாள். தகவல் கிடைத்ததும் மாஸ்டர், ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பல் டாக்டரை அப்படியே பள்ளி வாசலுக்கு ஓட்டி வரச் சொன்னார்.

“பிள்ளை பயந்துட்டா. மிஸ் குரல் அப்படி. எனக்கே கொஞ்சம் உதறுது” என்று தலைமையாசிரியையிடம் முறையிட்டார்.

அடுத்த நாள் மிஸ் குரலைக் குழைத்து, தாலாட்டுப் பாடுவதுபோலக் கேட்டார். வகுப்பே களுக்கென்று சிரித்தது. சிட்டு விட்டத்தைப் பார்த்தாள். பதில் அங்கேயும் இல்லை.

அதற்கு அடுத்த நாள் அவள் கையையே தூக்கவில்லை.

இதைக் கேட்டதும் மாஸ்டர் உடைந்துபோனார். தன் பள்ளிக்கூட நாட்களில் எந்த வாத்தியாரும் தன்னை ஒரு பொருட்டாக மதித்துக் கேள்வி கேட்டதில்லை என்ற வருத்தம் அவருக்கு இன்னமும் உண்டு. மகளுக்கும் அதே கதியா? இந்த முறை தலைமையாசிரியை முன்னால் கால் மிதிக்கவில்லை. கண்தான் கலங்கியது.

“மேடம், என் பிள்ளைக்குத் தனிச் சலுகை வேண்டாம். எல்லாருக்கும் ஒரே நியாயம் வைங்க. கை தூக்குற பிள்ளைங்களை மட்டும் கேளுங்க. அவ பழையபடி தைரியமாத் தூக்கட்டும்.”

கோபத்தைத் தாங்கிய தலைமையாசிரியையால் கண்ணீரைத் தாங்க முடியவில்லை. “பிள்ளைங்ககிட்ட எதுவும் சொல்லாதீங்க, இயல்பா இருக்கட்டும். நாளைக்கு நானே வகுப்புல வந்து உக்காந்து பாக்குறேன்” என்றார்.

வீட்டில் மாஸ்டர் மகள் தலையைத் தடவி, “இனிமே மிஸ் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க. நீ பழையபடி கையைத் தூக்கு கண்ணு” என்று மட்டும் சொன்னார். சிட்டுவின் முகம் மலர்ந்தது. மகளின் சிரிப்பைப் பார்த்து அவருக்கு அத்தனை சந்தோஷம்.

மறுநாள் மாலை மாஸ்டர் பள்ளி வாசலில் காத்திருந்தார். மற்ற வகுப்புகளெல்லாம் கலைந்தும் சிட்டுவின் வகுப்பு மட்டும் வெளியே வரவில்லை. கடைசியில் தொங்கிய முகங்களோடு பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொருவரும் மாஸ்டரை முறைத்துவிட்டுப் போனார்கள். சிட்டு எல்லோருக்கும் பின்னால் தனியாக, தரையைப் பார்த்தபடி வந்தாள்.

அவர் அவளுடைய பெஞ்சுத் தோழியை நிறுத்தினார். “என்னம்மா ஆச்சு?”

“பரீட்சை வரைக்கும் எங்க வகுப்புக்கு மட்டும் தினமும் சாயங்காலம் கணக்குப் பாடம் அங்கிள். விளையாட்டே கிடையாது.”

“அநியாயமா இருக்கே! எதுக்காம்?”

“எல்லாரும் கையைத் தூக்கினோம். மிஸ் ஒவ்வொருத்தரா எழுப்பிக் கேட்டாங்க. ஒருத்தருக்கும் பதில் தெரியல.”

மாஸ்டர் குழம்பிப்போனார். “பதில் தெரியாதவங்க எதுக்கும்மா கையைத் தூக்குனீங்க?”

“தெரியலைன்னா டக்குனு கையைத் தூக்கிடணும், அப்பத்தான் தெரிஞ்ச பிள்ளைன்னு மிஸ் விட்டுடுவாங்கன்னு எங்க எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்ததே உங்க சிட்டுதான் அங்கிள்!”