உயிரோடிருந்த ஒன்பது பேருக்கு அனுதாபக் கடிதம்

பெலிகந்த தோட்டம், கீழ்ப்பிரிவு,
யட்டியாந்தோட்டை.
17.08.2008

கொழும்பில் கம்பியூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அன்பு மருமகள் ஜூலியட்டுக்கு, மாமா சிறில் கூச்சத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் மாமி மரியம்மாவும் இங்கே உன் அம்மாவும் நலம். உனக்கும் தலைவலி, கண்வலி ஒன்றும் வராமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம். இங்கே பத்து நாளாக மழை. ரப்பர் வெட்டு இல்லாததால் எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். எல்லாரும் என்று நான் எழுதியிருப்பதைக் கவனித்துக்கொள். நம்முடைய மரண உதவிச் சங்கத்தில் எண்பத்து நான்கு அங்கத்தவர்கள், எண்பத்து நான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். சங்கத்தின் செயலாளர் இதை அழுத்திச் சொல்ல வேண்டி வந்ததே என்று நீ யோசிப்பாய். வந்துவிட்டது, மகள்.

சித்திரை லீவுக்கு வந்தபோது உன் கம்பெனியில் கழித்துவிட்ட கம்பியூட்டரையும் பிரிண்டரையும் கொண்டுவந்து கொடுத்து, "இனிமே நீங்க கையால எழுதி முறிய வேணாம் மாமா" என்று ஒரு மாதிரிக் கடிதம் செய்து தந்தாயே, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. சங்கப் பதிவேட்டில் இருந்த பெயர்களை நான் முதல் பட்டியலாக அடித்தேன், மூன்று வாரம் ஆனது. தைமாதக் கூட்டத்துக்கு வந்து கையொப்பம் வைத்த எண்பத்து நான்கு பேரின் பெயர்களை நீ இரண்டாவது பட்டியலாக அடித்தாய், பிளேன்டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டாய். இரண்டு பட்டியலிலும் பெயர் சமமாக இருந்தால் கடிதத்தில் ஒரு பந்தி வரும், சமமில்லாவிட்டால் வேறு பந்தி வரும் என்று சொல்லிவிட்டு, "ரெண்டாவது லிஸ்ட்ல பேர் இல்லாட்டி என்னா அர்த்தம் மாமா?" என்று கேட்டாய். "செத்துட்டாங்கன்னு அர்த்தம், நம்ம சங்கத்த விட்டு வேற எந்த வழியிலயும் ஒருத்தரும் போனதில்ல" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். நீயும் அப்படியே செய்துவிட்டாய். பெயர் சமமாக இருந்தால், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரும்படி அங்கத்தவருக்கு அழைப்பு. இல்லாவிட்டால், அங்கத்தவர் சேரும்போது எழுதிக் கொடுத்த உறவினர் விலாசத்துக்கு ஆழ்ந்த அனுதாபமும், தறப்பாளும் பெஞ்சும் பெரிய கோப்பி அண்டாவும் சங்கத்திலிருந்து வரும் என்ற உறுதியும்.

போன வெள்ளிக்கிழமைக்கு முந்திய வெள்ளி எண்பத்து நான்கு கடிதமும் கடகடவென்று அச்சாகி வந்தன. முதல் மூன்றை வாசித்துப் பார்த்தேன், எழுத்து அழகாக இருந்தது, சந்தோஷம் தாங்காமல் மீதியை வாசிக்கவில்லை. மாமியும் நானும் மடித்து ஒட்டினோம், நான் மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டுபோய் யட்டியாந்தோட்டை தபால் கந்தோரில் போட்டுவிட்டு வந்தேன். வரும் வழியில் மக்கீன் நானாவின் கடையில் உட்கார்ந்து, என் மருமகள் செய்த மெஷின் என்று அவரிடம் அரைமணி நேரம் பீற்றிக்கொண்டதையும் மறைக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை காலை பொன்னுசாமி அண்ணன், அதுதான் தண்ணிப் பீலிக்குப் பக்கத்து லயத்தில் இருக்கிற பழைய கங்காணி, வாசலில் கண்ணாடியை மாட்டி வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் சோப்பு. ஒரு திரீவீல் வந்து நின்றது. பெரிய மலர்வளையம் ஒன்று முதலில் இறங்கியது, அதற்குப் பின்னால் எஹலியகொடையில் இருக்கிற அவருடைய தம்பி ராமச்சந்திரன் இறங்கினார். அண்ணனும் தம்பியும் பேசிப் பதினொரு வருஷம். தம்பி மகள் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயர் விட்டுப்போய்விட்டது, விட்டுப்போனதா விடப்பட்டதா என்று அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு, அத்தோடு பேச்சே நின்றது. அந்தத் தம்பி "அண்ணே, ஒரு வார்த்த பேசாம போயிட்டீங்களே அண்ணே" என்று மார்பில் அடித்துக்கொண்டு குனிந்தபடியே ஓடிவந்து, வாசலில் நின்ற மனிதரை விலக்கிவிட்டு உள்ளே நுழைந்து, காம்பிராவில் சவப்பெட்டியைத் தேடியிருக்கிறார். விலக்கப்பட்டவர்தான் அண்ணன்.

"யாரத் தேடுற?" என்று கேட்டிருக்கிறார் பொன்னுசாமி அண்ணன், சோப்போடு.

"அண்ணனத்தான்."

"அண்ணன் இங்க நிக்கிறேன்."

ராமச்சந்திரன் திரும்பிப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாராம். சட்டைப்பையிலிருந்து நம்முடைய கடிதத்தை எடுத்து நீட்டினார். பொன்னுசாமி அண்ணன் தன்னுடைய மரணச் செய்தியை முழுவதும் வாசித்தார். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்கான் சிறில், என்னயப் பத்தி இம்புட்டு மரியாதையா அவன் பேசினதே இல்ல" என்று சொல்லிவிட்டு, மறு கன்னத்தையும் வழித்து முடித்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்த லயத்து ஆட்கள் உண்மையிலேயே யாரோ போய்விட்டார்கள் என்று கூடிவிட்டார்கள்.

இது ஒரு வீடுதான். கோகிலத்துடைய மருமகன் வரக்காப்பொலையில் கடையைப் பூட்டி, வாசலில் வெள்ளைக் கொடி கட்டிவிட்டு பஸ் ஏறியிருக்கிறான், வந்து பார்த்தால் மாமியார் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருக்கிறாள். வந்த மருமகன் முகத்தில் கவலையை விட ஏமாற்றம்தான் தெரிந்தது என்று அவள் இன்றைக்கும் சொல்லித் திரிகிறாள். யோகராணி, லோகநாதன், டொமினிக் என்று வரிசையாக ஒன்பது வீட்டுக்கு ஆட்கள் அழுதுகொண்டு வந்தார்கள். மக்கீன் நானா பஸாரிலிருந்து போன் எடுத்து, "என்னா சிறில், தோட்டத்துல ஏதும் காய்ச்சலா? ஒன்பது மையத்தாம், வெள்ளத்துணி ஸ்டாக் பத்தாதே" என்று கேட்டார். மத்தியானம் கிராம சேவகர் மகாத்மயா குடையும் பெரிய புத்தகமுமாக வந்து, "ஒக்கோம நமதெனெக்த?" என்றார், எல்லாமாக ஒன்பது பேரா என்று. ஒருவரும் இல்லை என்று நான் சிங்களத்தில் விளக்கி முடிப்பதற்குள் இறந்தவர்களில் நான்கு பேர் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். மனிதர் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன். நீ பொறுமையாகத்தான் பேசினாய். "கண்ணுக்குப் பாக்க ஒண்ணா இருக்கும் மாமா, ஆனா மெஷின் எழுத்தோட வடிவத்தப் பாக்கிறதில்ல, உள்ள இருக்கிற நம்பரத்தான் பாக்குது. ரெண்டு லிஸ்ட்லயும் எழுத்து ரெண்டு வகையா வந்திருக்கணும். எப்படி அடிச்சீங்கன்னு எனக்கு இங்கிருந்து தெரியல" என்றாய். எனக்கு அது விளங்கவில்லை. விளங்காத கோபத்தில் நான் செய்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேற்றுச் சனிக்கிழமை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பிராவில் அவசரக் கூட்டம். ஒன்பது பேரும் முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். தலைவர் ஸ்டீபன் எழும்பி, "இது யாரு பிழை?" என்று கேட்டார். நான், "கொழும்பில இருக்கிற பிள்ளை செஞ்சு குடுத்தது, அது ஏதோ பிழையா செஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

கோகிலம் விடவில்லை. "செத்தாதான் பெஞ்சு அனுப்புவீங்களா? உசிரோட இருக்கிறப்ப ஒரு பெஞ்சு அனுப்புனா நாங்களும் ஒக்காந்து பாப்போமே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டீபன் என்னைப் பார்த்து, மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும், ஒன்பது பெயரையும் பலகையில் எழுது என்றார். சோக்கட்டியை எடுத்து எழுதினேன். பொன்னுசாமி. கோகிலம். யோகராணி. லோகநாதன். டொமினிக். ரோஸ்லின் என்று ஆறாவது பெயர் எழுதும்போது கை நின்றுவிட்டது. எல்லாப் பெயரிலும் ஒரே காரியத்தைக் கை செய்துகொண்டிருந்தது, முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். மிச்ச மூன்று பெயரையும் எழுதிப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான். கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து இல்லாத எழுபத்தைந்து பேர் பத்திரமாக உயிரோடு இருந்தார்கள்.

தோட்ட ஆபீசில் முப்பத்தொரு வருஷம் தமிழ் டைப்ரைட்டர் அடித்தவன் நான். அதில் கொம்புக்கு ஒரு கட்டை, எழுத்துக்கு ஒரு கட்டை, காலுக்கு ஒரு கட்டை. அந்த விரல்களால் உன் கம்பியூட்டரிலும் "பொ" என்பதை மூன்று தட்டாகத் தட்டியிருக்கிறேன். நீ கொம்பும் காலும் ஒன்றாக இருக்கிற ஒரே குறியாக அடித்திருப்பாய். திரையில் இரண்டும் "பொ"தான். மெஷினுக்கு என்னுடைய பொன்னுசாமி ஒரு ஆள், உன்னுடைய பொன்னுசாமி வேறு ஆள். பதிவேட்டில் இருந்த பொன்னுசாமியைக் கூட்டத்துக்கு வந்தவர்களிடையே தேடி, காணவில்லை என்று அடக்கம் செய்துவிட்டது.

கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடியே சோக்கட்டியைக் கீழே வைத்தேன். திரும்பாமலே இருந்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது என்று தோன்றியது உண்மை. பிறகு திரும்பி, "அந்தப் பிள்ளை மேல பிழை இல்லீங்க. என் விரல்ல இருந்த பிழை" என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப் பேருக்கு விளங்கவில்லை. ராஜினாமா செய்கிறேன் என்றேன். பொன்னுசாமி அண்ணன் எழும்பி, "நான் செத்து அஞ்சு நாளாச்சு, எனக்கே கோபம் இல்ல, மத்தவங்களுக்கு என்னா?" என்றார். பக்கத்தில் ராமச்சந்திரன் உட்கார்ந்திருந்தார். அவர் இன்னும் ஊருக்குப் போகவில்லை.

ஆகவே மகள், முதலாவது, உன்மேல் பழி போட்டதற்கு என்னை மன்னித்துவிடு. இரண்டாவது, நீ அந்த மாதிரிக் கடிதத்தைத் திருத்தித் தர வேண்டும். பெயர்களை ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு பட்டியலையும் ஒரே வகை எழுத்தாக்கிக்கொண்டு, பிறகு சமமா இல்லையா என்று பார்க்கும்படி செய்துவிடு. நானும் என் விரல்களைத் திருத்தப் பார்க்கிறேன், அறுபத்தாறு வயதில் அது எவ்வளவு முடியுமோ தெரியாது. தாமதிக்காமல் இந்த வாரமே செய்து அனுப்பு.

கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காத்து, நீ தொடும் காரியமெல்லாம் துலங்கச் செய்வாராக. மாமி உனக்கு முத்தங்கள் எழுதச் சொன்னாள்.

உன் அன்பு மாமா,
அ. சிறில்
(இன்னமும் செயலாளர்)

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் ஜெயம்மா வந்தாள். அவளுடைய மகன் வேலைக்குப் போய் மூன்று வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. "எனக்கும் ஒரு கடிதாசி போட்டு விடுங்க அண்ணே, செத்துட்டேன்னு போட வேணாம், லேசா முடியலன்னு போட முடியுமா?" என்று கேட்டாள். அவள் போவதற்குள் இன்னும் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஆகவே மேலே திருத்தச் சொன்னது கொஞ்சம் பொறுக்கட்டும், அடுத்த அழைப்பு அடிப்பதற்குள் செய்தால் போதும். சமம் என்றால் ஒரு பந்தி, சமமில்லை என்றால் ஒரு பந்தி இருக்கிற இடத்தில், பெயர் கொடுத்தவர்களின் உறவினருக்கு, ஆள் இருக்கிறார், ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகவும் என்று மூன்றாவதாக ஒரு பந்தி மட்டும் சேர்த்துத் தா. இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கும் சொல்லக் கூடாது என்று கடைசியாக வந்து கொடுத்துவிட்டுப் போனது உன் அம்மா.