முப்பத்திரண்டாவது பிட்

ஒரு மனிதரைப் பற்றி அலுவலகம் தெரிந்துகொள்ள வேண்டியது மொத்தம் முப்பத்திரண்டே விஷயங்கள்தான் என்பது சிக்கனத்தின் அசைக்க முடியாத கொள்கை. சிக்கனம் என்பது கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர். அந்த அலுவலகத்தின் ஒரே புரோகிராமர். சி மொழியில் எழுதுபவர். நிரந்தரமா, கல்யாணமானவரா, கண்ணாடி போட்டவரா, லிஃப்டில் ஏறத் தகுதியுள்ளவரா என்று ஆளுக்கு முப்பத்திரண்டு கேள்விகள். ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் சைபர். அந்த ஒன்றும் சைபரும்தான் பிட். முப்பத்திரண்டு பிட்டையும் வரிசையாகக் கோத்தால் ஒரே ஓர் எண். நாற்பது ஆளுக்கு நாற்பது எண். "மொத்த ஆபீஸும் நூத்தி அறுபது பைட்டுல அடங்கிடுச்சு" என்று அவர் சொல்லும்போது கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும், அவருக்குக் கண் கலங்கும். கணினியில் இடம் கொட்டிக் கிடக்கிறதே என்று யாராவது கேட்டால், வீட்டில் தட்டு நிறைய இருக்கிறது என்பதற்காக ஒரு வாய்ச் சோற்றை நாலு தட்டில் போட்டுச் சாப்பிடுவீர்களா என்பார்.

உண்மையைச் சொன்னால் கேள்விகள் முப்பத்தொன்றுதான் தேறின. இடது கோடியில் ஒரு பிட் சும்மா கிடந்தது. சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவரா அவர்? பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த முப்பத்திரண்டாவது பிட்டுக்கு 'தவிர்க்க முடியாதவர்' என்று பெயர் வைத்தார். நாற்பது பேரில் தன் ஒருவருக்கு மட்டும் அதில் ஒன்று போட்டுக்கொண்டார். வருஷா வருஷம் இடமாற்றப் பட்டியல் எடுக்கும் நிரலில், இந்த பிட் சைபராக இருப்பவர்களில் மூத்தவரை எடு என்று ஒரு வரி சேர்த்தார். மூத்தவர் அவர்தான். அதோடு விட்டாரா மனுஷர்? இனி யார் ஒரு வரி மாற்றினாலும் தணிக்கையர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதியையும் எழுதிக்கொடுத்து, நேர்மைக்காகப் பாராட்டுப் பத்திரம் வாங்கினார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வேளையில் புது இயக்குநர் அம்மா வந்தார். அவர் மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய், நிறுவனத்தின் உயிர்நாடி உற்சாகமே என்று கண்டுபிடித்துத் திரும்பினார். ஊழியர்கள் காலையில் ஐந்து நிமிடம் கைதட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தட்டுகிறவர் யார், தட்டாதவர் யார் என்று பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்கு ஒரு பிட் வேண்டும்.

இடமில்லை, இன்னோர் எண் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் சிக்கனம். ஒரே எண்ணில் எல்லாம் அடங்கும் என்று சொல்லித்தானே நீங்கள் இத்தனை வருஷம் மாலை வாங்கினீர்கள் என்று இயக்குநர் கேட்டார். நியாயமான கேள்வி. தவிர, அது இயக்குநரின் திட்டம் என்பதால் வலது கோடியில், முதல் இடத்தில்தான் உட்கார வேண்டும், மற்றவை மரியாதையாக இடப்பக்கம் ஒரு இடம் தள்ளிக்கொள்ளட்டும் என்றும் தீர்மானமானது.

"தள்ளினா கடைசியில இருக்கிறது விழுந்துடுமே, மேடம்."

"விழுறது என்னது?"

தணிக்கையர் பேனாவைத் திறந்துகொண்டார். சிக்கனம் முந்திக்கொண்டார்.

"அது ஒண்ணுமில்லை மேடம். யாருக்கும் பயன்படாத ஒண்ணு."

அப்படியே எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஒரே வரியில் நாற்பது எண்ணும் இடப்பக்கம் ஒரு இடம் நகர்ந்தன. பதினோரு வருஷப் பாதுகாப்பு சத்தமே இல்லாமல் விழுந்தது.

மாதக் கடைசியில் இடமாற்றப் பட்டியல். அவர் வீட்டம்மா நர்ஸ், வாரம் விட்டு வாரம் இரவு வேலை. மகளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். மாற்றலாகிப் போக வேண்டிய கிளை அலுவலகமோ பஸ் மாறி பஸ் மாறி ஒன்பது மணி நேரம். இவரும் போய்விட்டால் பாதி நாள் அந்தப் பெண் தனியாகத்தான் கிடக்க வேண்டும். வீட்டில் விஷயத்தைச் சொன்னார். "ஒரு வரியில போனதை ஒரு வரியில கொண்டுவர முடியாதாங்க?" என்றார் வீட்டம்மா. இனி ஒரு வரி அடித்தாலும் தணிக்கையர் பக்கத்தில் உட்காருவார், விழுந்த பிட்டும் தானாகத் திரும்பாது என்று விளக்கினார். அப்படியொரு பொருளையா அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தீர்கள் என்று கேட்டுவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பினார்.

கெட்ட காலத்திலும் ஒரு நல்ல காலம். பட்டியலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இயக்குநர் இன்னொரு முகாமுக்குப் போய் வந்தார். நிறுவனத்தின் உயிர்நாடி அமைதியே என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உற்சாகம் உடனடியாக நிறுத்திவைக்கப்படுவதாகவும், அதற்குரிய பிட்டைப் பட்டியலுக்கு முந்தின நாள் நீக்கி, மற்றவை பழையபடி வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்றும் உத்தரவு வந்தது.

அன்றுதான் சிக்கனம் ஒன்றைக் கவனித்தார். திரையில் முப்பத்தொன்பது பேரின் எண்ணுக்கு முன்னால் மைனஸ் நின்றது. அவருடையதற்கு மட்டும் இல்லை. பழைய முப்பத்தொன்றாவது பிட் 'மெமோ வாங்கியவர்'. தள்ளியதில் அது இடது கோடிக்குப் போயிருந்தது. கோடியில் ஒன்று இருந்தால் அந்த எண் மைனஸ். மைனஸ் எண்ணை வலப்பக்கம் தள்ளினால், காலியாகும் இடது கோடியில் அந்த இயந்திரம் சைபர் வைக்காது, ஒன்றுதான் வைக்கும். இது மைனஸே வராத எண் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் இந்த வம்பு இல்லை. அதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'அன்சைன்ட்' (unsigned) என்று எட்டெழுத்து கூடுதலாக அடிக்க வேண்டும் என்று அன்றைக்கு அவர்தான் மிச்சம் பிடித்தார்.

ஆக, திருப்பித் தள்ளும்போது மெமோ வாங்கியவர் அனைவரும் தவிர்க்க முடியாதவர் ஆவார்கள். அந்த அலுவலகத்தில் மெமோ வாங்காத ஜீவன் ஒன்றே ஒன்றுதான். ஒரு வாரத்துக்குள் அவர் ஒரு மெமோ வாங்கியாக வேண்டும்.

மறுநாள் பதினொன்றரைக்கு வந்தார். கணக்குப் பிரிவுக்காரர் அதே தப்புக்கு மூன்று மெமோ வாங்கியவர். இவரைப் பார்த்த இயக்குநரோ, பதற்றமில்லாமல் வருகிறார் பாருங்கள் என்று மற்றவர்களுக்குக் காட்டினார். சிக்கனம் மேஜையில் தலை வைத்துத் தூங்கினார். அமைதி முகாமுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தார்கள். கோப்பின் மேல் காபியைக் கொட்டினார். அதைத் துடைத்த பியூனுக்கு மெமோ போனது. கடைசியில் வெட்கத்தை விட்டு, பதினோரு வருஷத் திருட்டைத் தணிக்கையரிடம் ஒப்புக்கொண்டார். அவர் பொறுமையாகக் கோப்பைப் புரட்டி, அந்த பிட் யாருக்கும் பயன்படாதது என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, பயன்படாததைத் திருடுவது குற்றமாகாது என்றார்.

சிக்கனம் நேராக இயக்குநர் அறைக்குப் போனார்.

"மேடம், எனக்கு ஒரு மெமோ கொடுங்க."

"எதுக்கு சார்?"

"எதுக்குன்னாலும் சரி. உங்க உற்சாகமும் அபத்தம், உங்க அமைதியும் அபத்தம். இதுக்காவது கொடுங்க."

இயக்குநர் அமைதி முகாமில் கற்ற சிரிப்பைச் சிரித்தார். "மனசுல பட்டதைச் சொல்றீங்க. உங்களுக்கு மெமோ கொடுத்து, நீங்க கோவிச்சுக்கிட்டு லீவு போட்டா இந்த ஆபீஸ் ஒரு நாள் ஓடுமா? நீங்க தவிர்க்க முடியாதவர் சார்."

தான் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்ட பட்டத்தை ஒருவர் மனதார வாய்விட்டுச் சொல்லி அன்றுதான் கேட்டார். சந்தோஷப்படவேண்டிய மனுஷர், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

குறித்த நாளில், இயக்குநரும் தணிக்கையரும் பார்த்திருக்க, அந்த ஒரு வரியை அவர் கையாலேயே அடித்தார். மறுநாள் பட்டியல் வந்தது. முப்பத்தொன்பது பேர் தவிர்க்க முடியாதவர்கள். பட்டியலில் இருந்த பெயர் ஒன்று.

வழியனுப்பு விழாவில் எல்லாரும் அமைதியாகக் கைதட்டினார்கள். கிளை அலுவலகத்தில் சேர்ந்த நாலாம் நாள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு தபால் வந்தது. படித்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டார்.

"மெமோ வந்திடுச்சு" என்றார்.

"இப்பவா? எதுக்காம்?"

"நான் போனதிலிருந்து அங்க ஒரு வேலையும் நடக்கலையாம். ஏன் போனீங்கன்னு ஏழு நாளுக்குள்ள விளக்கம் கேட்டிருக்காங்க."

மகள் தூங்கிவிட்டாள் என்றார் வீட்டம்மா. பிறகு, "விளக்கம் எழுதுறது இருக்கட்டும். நீங்க இல்லாம நடக்காதுன்னு முதல் தடவையா எழுத்துல கொடுத்திருக்காங்க, அதைப் பத்திரமா வச்சுக்குங்க" என்றார்.