ஆறாவது இறகு

மின்விசிறித் தொழிற்சாலையில் அவர் தர ஆய்வாளர். ஒரு இறக்கை மயிரிழை வளைந்திருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வரும்போது சீட்டைத் தொழிற்சாலையிலேயே வைத்துவிட்டு வருவார். வாயைக் கொண்டுவந்துவிடுவார்.

மாலையில் நூலகக் கூடத்தில் கைவேலைக் கண்காட்சி. எதிலும் முந்திக்கொள்பவர் ஆதலால், காலையிலேயே சாம்பல் நிறப் பேன்ட் போட்டுத் தயாராகிவிட்டார். கண்காட்சிக்காக மனைவி மூன்று மாதமாகத் துணியில் தைத்த மீன்கொத்தி சோபாவில் விரிந்து கிடந்தது. பார்த்தார். எண்ணினார்.

"இடது இறக்கையில ஆறு இறகு. வலதுல அஞ்சு."

"அது பறவைங்க. உங்க ஃபேன் இல்ல."

"பறந்தா ஒரு பக்கமா சாயாதா?"

"வாயால தைக்கிறது சுலபம். ஊசியால தைச்சாத் தெரியும். மாட்டுறதுக்குக் கம்பி வாங்கிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன். அதைத் தொடாதீங்க."

தொடாதே என்றால் போதாதா? கதவு சாத்திய மறுநிமிடம் ஆய்வாளர் தீர்மானித்துவிட்டார். ஆறாவது இறகைத் தானே தைத்துவிடுவது. அவள் வருவாள், வியப்பாள், அதன்பிறகு இந்த வீட்டில் அவர் சொல்லும் குறைகளுக்கு மரியாதை கிடைக்கும்.

ஊசியில் நூல் கோக்கவே கால் மணி ஆனது. துணியைத் தொடைமேல் விரித்துக்கொண்டு குத்தினார். முதல் தையல் நீண்டுவிட்டது. இரண்டாவது, அதைத் திருத்தப் போய்க் கோணிக்கொண்டது. மூன்றாவது, இரண்டையும் மறைக்கப் போட்டது. அரை மணியில் இறகு படகுத் துடுப்பாக வளர்ந்திருந்தது. ஆனால் உறுதி என்றால் அப்படி ஓர் உறுதி. யானை கட்டி இழுத்தாலும் வராது.

வாசலில் சாவிச் சத்தம். துணியைப் பழையபடி சோபாவில் போட்டுவிடலாம் என்று தூக்கினார். கூடவே காலும் வந்தது.

பேன்ட்டோடு சேர்த்துத் தைத்திருந்தார்.

ஆழம் தெரியாமல் காலை விட்டவர், கையும் காலுமாகப் பிடிபட்டார்.

"என்னங்க, மீன்கொத்தி உங்க தொடையில கூடு கட்டுதா?"

"கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. பிரிச்சுடலாம், இல்ல?"

மனைவி குனிந்து தடவிப் பார்த்தாள். "இவ்வளவு நெருக்கமா தைச்சிருக்கீங்க. பிரிச்சா இறக்கையே கிழிஞ்சுடும்."

"உன் மூணு மாச வேலையைப் பாழாக்கிட்டேன்."

அவர் இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஜன்னலோரமா ஒரு கப்பல் தொங்குதே, அது முதல்ல யானை."

"யானையா?"

"தும்பிக்கை கோணிப்போச்சு. பாய்மரம் ஆக்கிட்டேன். எட்டு வருஷமா பாக்கறீங்களே, கண்டுபிடிச்சீங்களா, ஆய்வாளரே?"

ஆய்வாளர் கப்பலைப் பார்த்தார். காது மாதிரி ஏதோ தெரிந்தது.

"புதுசாத் தைக்கிற எல்லாரும் மடியையும் சேர்த்துத்தான் தைப்பாங்க. நாலு தையலுக்கு ஒருதரம் அடியில கை விட்டுப் பாக்கணும்." சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஐயோ, துணியை வெட்டாதே!"

"யாரு துணியை வெட்டப் போறா? பேன்ட்டைத்தான்."

"கண்காட்சிக்குன்னு போட்ட பேன்ட்டு!"

"ஆடாதீங்க. தொடையும் வந்துடும்."

தையலைச் சுற்றி வெட்டிய பேன்ட் துண்டு துணியின் அடியில் தங்கியது. இறகுக்குக் கீழே மேல்துணியைக் கொஞ்சம் முக்கோணமாக வெட்டி விளிம்பை மடித்தாள். சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. மலை!

"விளிம்பை நீங்களே தைங்க."

தைத்தார். ஒவ்வொரு தையலுக்கும் அடியில் கை விட்டுப் பார்த்துக்கொண்டார். கோணலாகத்தான் வந்தது. மலை வேறு எப்படி இருக்கும்? தைத்து முடிக்கும்வரை அவர் குறை சொல்ல மறந்திருந்தார்.

"இது வெளியில தெரியக் கூடாது. வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லு."

"திறக்கவே மாட்டேன்."

மாலையில் கூடத்துக்குள் நுழைந்தவர், மீன்கொத்திக்குக் கீழே தொங்கிய அட்டையைப் படித்தார்.

'பறவை: என் கைவேலை. மலை: என் கணவரின் பேன்ட். விளிம்பு: அவர் கைவேலை.'

"சத்தியம் பண்ணினியே?"

"வாயைத் திறந்தேனா?"

வந்தவர்கள் மலையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஆய்வாளர் நெளிந்தார், நாலு பேர் விளிம்பைப் பாராட்டியதும் நிமிர்ந்தார். நூலகர் அம்மா வந்தார்.

"எங்க வாசிப்பறைக்கும் இதே மாதிரி ஒண்ணு தைச்சுத் தர்றீங்களா? மலை மட்டும் நீலமா இருக்கட்டும்."

மனைவி மெல்லத் திரும்பினாள். ஆய்வாளர் மாற்றிக்கொண்டு வந்திருந்தது நீலப் பேன்ட்.