அக்கா கல்யாணக் கேசட்டும் மூன்று ஒயர்களும்

ஐ.டி.யில் வேலை பார்ப்பவனுக்கு ஒயர் மாட்டத் தெரியும் என்று நம்புவது நம் குடும்பங்களில் புழங்கும் மூடநம்பிக்கைகளில் ஒன்று. நான் நாள் முழுக்க எக்செல்லில் கட்டங்களுக்கு வண்ணம் பூசுகிறவன். (சம்பளம் அதற்குத்தான்.) ஆனாலும் வீட்டில் மிக்ஸி நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள். பக்கத்து ஃபிளாட்டில் இன்வெர்ட்டர் கத்தினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் ஸ்குரூடிரைவரோடு கிளம்பிப் போவேன். கூப்பிட்டவர்களைவிட எனக்கு அந்த மூடநம்பிக்கை அதிகமாக இருந்ததுதான் வினை.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸில் எங்களை வளர்த்து, கடைசியில் கோவில்பதாகையில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார். தொழிற்சாலை அவருக்குப் பென்ஷனைக் கொடுத்துவிட்டு, காதை எடுத்துக்கொண்டது. இரும்புச் சத்தத்திலேயே இருந்தவருக்கு இப்போது பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். காதில் மாட்டும் மெஷின் வாங்கித் தருகிறேன் என்றால், கேட்க இனிமேல் என்ன இருக்கிறது என்பார்.

அவருடைய பீரோவில் துணியைவிட கேசட்டும் சி.டி.யும் டி.வி.டி.யும்தான் அதிகம். மேனாம்பேடு ஃபிளாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் ஒரு சொற்பொழிவு ஆற்றுவேன். இதெல்லாம் செத்துப்போன சாமான், இனி எல்லாப் படமும் மேலே கிளவுடில்தான் இருக்கும், எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பேன். அப்பா மேலே பார்ப்பார். அங்கே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். நீ போட்டுக் கொடுத்த படம் போன மாசம் போனில் இருந்தது, இந்த மாசம் காணோமே, மேலே யார் எடுத்தார்கள் என்று கேட்பார். உரிமம் முடிந்திருக்கும் என்று நான் காதில் கத்துவேன். பீரோவுக்கு அந்த மாதிரி உரிமம் ஏதும் கிடையாது என்று சொல்லிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்.

அந்த பீரோவில் ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்க மாட்டேன். அது அக்காவின் கல்யாணக் கேசட். கல்யாணம் முடிந்த மறு வருஷம் அம்மா இறந்துபோனாள். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். ஆளுக்கொரு போனில் எல்லாவற்றையும் பதிவு செய்யும் காலம் இல்லை அது. போட்டோக்கள் உண்டு. ஆனால் அம்மாவின் குரல் எங்கேயும் கிடையாது. வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அது மறந்தே போய்விட்டது. அம்மா என்னென்ன சொல்வாள் என்பது ஞாபகம் இருக்கும், எப்படிச் சொல்வாள் என்பது வராது. அக்காவிடம் கேட்டேன். அவளுக்கும் மறந்துவிட்டது என்று அழுதாள்.

அதனால் அக்காவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு எங்கள் அசோசியேஷன் ஹாலில் கேசட்டைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். எல்லோரும் பார்க்கலாம், அப்படியே லேப்டாப்பிலும் பதிவாகிவிடும், அதைக் கிளவுடில் ஏற்றினால் அம்மாவுக்கு இனி அழிவே கிடையாது. அப்பா சாவியை எடுத்துக் கொடுத்தார். சொந்தக்காரர்களிடம், "அன்னைக்கு அவ பேசுறதக் கேக்கலாம்" என்று அவரே போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். பதில் ஒன்றும் அவருக்குக் கேட்டிருக்காது.

வி.சி.ஆருக்கு ஆவடி, அம்பத்தூர் முழுக்க அலைந்தேன். கடைக்காரப் பையன்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. கடைசியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் பாபு அண்ணன் பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். "மிஷினு ஒண்ணே ஒண்ணு கீது சார். ஓடும். ஓடலன்னா மண்டைல ஒண்ணு போடு, ஓடும்" என்றார். கூடவே இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் வாடகைக்கு அனுப்பினார்.

விழா நாளில் அக்காவும் மாமாவும் மாலையோடு உட்கார்ந்திருக்க, அப்பாவுக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டோம். வி.சி.ஆரிலிருந்து மூன்று ஒயர்கள். மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. மூன்றையும் லேப்டாப்புக்குக் கொடுத்து, அதிலிருந்து டி.வி.க்குக் கொடுத்திருந்தேன். படம் ஓட ஆரம்பித்ததும் அப்பா காதருகே கையை வைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். டி.வி. சத்தம் அவருக்குப் போதவில்லை. உடனே நான் சிவப்பையும் வெள்ளையையும் லேப்டாப்பிலிருந்து பிடுங்கி ஸ்பீக்கர் பெட்டியில் செருகினேன். ஹால் அதிர்ந்தது. அப்பா தலையாட்டினார். நான் கையைத் தட்டிக்கொண்டு, ஒரு பெரிய அணைக்கட்டைத் திறந்துவைத்தவன் போல நின்றேன்.

அதிர்ந்தது சினிமாப் பாட்டு. அந்தக் காலக் கல்யாண வீடியோவின் இலக்கணம் தெரிந்தவர்களுக்குப் புரியும். முதலில் மணமக்கள் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து சுழன்று வருவார்கள், பிறகு போகாத ஊரின் அருவி மேல் பறப்பார்கள். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பாட்டு. நடுவில் பேச்சுச் சத்தம் கேட்டால் வீடியோக்காரருக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம்.

மண்டப வாசலில் அம்மா யாரையோ வரவேற்றாள், டூயட் பாடியது. சமையல்காரரைக் கடிந்துகொண்டாள், வேறொரு டூயட். என்னைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள், குத்துப்பாட்டு. (திரையில் நான் மீசை முளைக்காத முகத்தோடு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் திரிந்தேன். அதற்கு மட்டும் ஹாலில் நல்ல வரவேற்பு.) குழந்தைகள் எழுந்து ஆடத் தொடங்கின. அப்பா மட்டும் முன்னால் குனிந்து, அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த வீடியோக்காரரைத் தேடிப்போய் அடிக்க வேண்டும் போலிருந்தது.

பந்தி வந்தது. அம்மா பாயச வாளியோடு வரிசையில் வந்தாள். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் வீடியோக்காரர் ஏதோ அசந்துபோயிருக்கிறார். வீடியோ வெளிச்சம் முகத்தில் விழ, அம்மா கண்களைச் சுருக்கிக்கொண்டு நேராக எங்களைப் பார்த்தாள்.

"என்னைய எதுக்குப்பா எடுக்குற? போய்ப் பொண்ண எடு."

அவ்வளவுதான். அடுத்த பாட்டு வந்துவிட்டது.

நான் மனதில் வைத்திருந்த குரல் அது இல்லை. கொஞ்சம் கீச்சென்று, சின்னப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. அன்றைக்கு அம்மாவுக்கு ஏறக்குறைய இப்போது எனக்கு ஆகிற வயதுதான்.

அப்பா திரும்பி, "இன்னொரு தடவ போடு" என்றார்.

ரீவைண்டை அழுத்தினேன். இயந்திரம் ஒரு முறை இருமியது. பிறகு உள்ளே ஏதோ மெல்லும் சத்தம். பதறிப்போய் பாபு அண்ணன் சொன்னபடி மண்டையில் ஒன்று போட்டேன். (அந்தக் கை இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது.) மெல்லும் சத்தமும் நின்றுபோனது. பெட்டிகளைத் திரும்ப எடுத்துப்போக வந்திருந்த பாபு அண்ணன் ஓடிவந்து மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து இடியாப்பம் மாதிரி டேப்பைச் சிக்கல் சிக்கலாக எடுத்தார். "போச்சு சார். பூசணம் புடிச்ச டேப்பு, நசுங்கிகினு வந்துடுச்சு" என்று என் கையில் வைத்தார். பிற்பாடு அதைச் சிட்டிக்குள் ஒரு கடைக்குக் கொண்டுபோய் ஒட்டவைத்துப் பார்த்தோம். பந்தி வரும் இடத்தில் இரைச்சல்தான் வருகிறது.

அன்று அப்பாவின் தோளைத் தொட்டு, பயப்படாதீர்கள், லேப்டாப்பில் பதிவாகியிருக்கிறது என்று கத்திச் சொன்னேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். போட்டேன். பாயச வாளியோடு அம்மா வந்தாள், கண்ணைச் சுருக்கினாள், உதடு அசைந்தது. சத்தம் இல்லை. சத்தத்துக்கான இரண்டு ஒயர்களும் ஸ்பீக்கர் பெட்டியில் இருந்தன.

நான் ஹாலை ஒட்டிய பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்ததும் அசோசியேஷன் செயலாளர், தண்ணீரை இப்படி வீணாக்கலாமா என்று கேட்டார்.

கேசட்டுக்கும் டி.வி.டி.க்கும் காலம் முடிந்துவிட்டதா என்று யாராவது என்னிடம் கேட்டால் இப்போது பேச்சை மாற்றிவிடுகிறேன். அம்மாவின் வாயசைப்பு மட்டும் கிளவுடில், இரண்டு பென்டிரைவில், அக்காவின் போனில், என் போனில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

குடும்பம் கூடும்போதெல்லாம் அதைப் போட்டு டப்பிங் பேசுவது இப்போது எங்கள் வீட்டு விளையாட்டு. அக்கா மகள் ஒரு மாதிரி பேசுவாள். மாமா பேசினால் அம்மா ஏதோ கடத்தல்காரி போல இருப்பாள். அக்கா ஆரம்பிப்பாள், "பொண்ண" என்கிற இடத்தில் குரல் உடைந்து நிறுத்திவிடுவாள். நான் வாயைத் திறந்தாலே, "முதல்ல ஒயர மாட்டுடா" என்று ஆளுக்கு ஆள் கத்துவார்கள். எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

போன பொங்கலன்று கோவில்பதாகை வீட்டில் அது பெரிய சண்டையாகிவிட்டது. அம்மா 'எடுக்குற'வை இழுத்தாளா, 'போய்'யை இழுத்தாளா என்று இரண்டு கட்சி. கடைசியில் தீர்ப்புக்கு அப்பாவிடம் போனோம். யார் சொன்னது சரி என்று நான் அவர் காதருகே கத்தினேன்.

அப்பா டி.வி.யில் அம்மாவின் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க எல்லாரும் வாய மூடிக்கிட்டு இருந்தா, எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றார்.