இரத்தம் சிந்தாத கட்டி

ஓலைத்தொடுவாய்க் கிராமத்துக்கு நாட்டுவைத்தியர் குழல் பரியாரி வந்துவிட்டார்! வயிற்றில் வளரும் கட்டியைப் பித்தளைக் குழல் வைத்து உறிஞ்சி எடுப்பாராம். கத்தி இல்லை. ஒரு துளி இரத்தம் இல்லை. சிலாவத்துறையிலிருந்துகூட வான் பிடித்துச் சனம் வந்தது. அன்றைக்கு வலை இழுக்க ஆளில்லை.

வரிசையில் அன்ரோனெற்றும் நின்றாள். அவளுடைய இரைப்பையில் உண்மையாகவே ஒரு சின்னக் கட்டி. விட்டுவைத்தால் புற்றாகலாம், வாய்வழியாகக் குழாய் விட்டு எடுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மறுநாள்தான் திகதி.

"வெட்டினா இரத்தம் பெருகாதோ, டொக்டர்?" என்று போன கிழமை கேட்டிருந்தாள்.

"அதுக்குத்தானே முதல்லயே அடியில கிளிப் போட்டு இறுக்கிப்போட்டு வெட்டுறம். இரத்தத்தை மெல்லிசாக்கிற குளிசையையும் நிப்பாட்டியாச்சு. பயப்பிடாதேங்கோ" என்றார் டொக்டர்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. விளக்கிச் சொல்கிறவர்மேல் சந்தேகம். வாயே திறக்காதவர்மேல் பக்தி! நம் சனத்தின் புத்தியே தனி.

ஆம், பரியாரி வாய் திறப்பதில்லை. "ம்" என்பதோடு சரி. மௌன விரதமாம். ஒரு கன்னம் சற்று உப்பியிருந்தது. அது தவத்தின் களை என்றார்கள்.

கூடவந்த மச்சாள் றோஸ்மேரி, முந்தின நோயாளியின் 'கட்டி' கிடந்த தட்டைக் குனிந்து பார்த்தாள். வெள்ளையாக, வழுவழுவென்று கிடந்தது. இருபது வருசமாக மீன்வாடியில் கணவாய் கழுவுகிறவள் அவள்.

"ஐயா, கனநேரமா வெயிலுக்க இருக்கிறீங்கள். ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுத் தொடங்குங்கோ."

பரியாரி தலையை ஆட்டி மறுத்தார்.

"அப்ப வாயையாவது கொப்பளியுங்கோ."

"சாமியைச் சோதியாதை!" என்று கூட்டம் சீறியது.

"கொப்பளிச்சாக் கட்டி வராதோ?" என்றாள் றோஸ்மேரி.

அத்தனை கண்களும் அந்தக் கன்னத்தில் போய் நின்றன. பரியாரியின் தொண்டை மடக்கென்று ஏறி இறங்கியது; கன்னத்து உப்பலும் மறைந்தது. பிறகு தாராளமாகக் கொப்பளித்தார். அன்ரோனெற்றின் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சினார். மறுபடியும் உறிஞ்சினார். முகம் சிவந்தது. வெறும் காற்றுத்தான் வந்தது.

"கட்டி இடம் மாறிப்போச்சு, ஐயா! இப்ப அது உங்கட வயித்துக்க. நாளைக்கு நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வாங்கோ, குழாய் விட்டு எடுப்பம்." றோஸ்மேரி தட்டைத் தூக்கிக் காட்டினாள். "கணவாய்த் துண்டப்பா! இதில எங்கயிருந்து இரத்தம் வரும்?"

பரியாரி குழலையும் விட்டுவிட்டு ஓடினார். மறுநாள் அன்ரோனெற், கிளிப் போட்டுக் கட்டியை எடுப்பித்தாள். இரத்தம் பெருகவில்லை.

தினமும் கணவாய் அறுக்கிற ஊர், தட்டில் கிடந்த கணவாயைக் கும்பிட்டிருக்கிறது! இனி யாரையாவது கும்பிடுமுன், வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.